512 எம்பி ரேம் சர்வரில் ஆல்பைன் லினக்ஸ்: எப்போது போடலாம், போட்டால் எங்கே இடிக்கும்

கேட்கப்பட்டது இது: 512 எம்பி ரேம், 10 ஜிபி டிஸ்க் உள்ள ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்). உபுண்டு சர்வர் ஓடுகிறது. அதன்மேல் ஒரு பிஎச்பி தளம், மைஎஸ்க்யூஎல், கூடவே சிறிய பைதான் ஏபிஐ. சில நாளுக்கு ஒருமுறை மைஎஸ்க்யூஎல் தானாக நின்றுவிடுகிறது. ஆல்பைன் லினக்ஸுக்கு மாறினால் சரியாகுமா? வேறு எதைப் போடலாம்?

பாதிதான் சரியாகும். மாறுவதற்கு முன் ரேம் எங்கே போகிறது என்று பாருங்கள். “டிமெசேஜ்” கட்டளையின் வெளியீட்டில் ‘அவுட் ஆஃப் மெமரி: கில்ட் பிராசஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் கர்னலே மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றிருக்கிறது. அடுத்து “ஃப்ரீ -எம்” கொடுத்து, ‘ஃப்ரீ’ பத்தியை விட்டுவிட்டு ‘அவெய்லபிள்’ பத்தியைப் பாருங்கள். லினக்ஸ் மிச்சமிருக்கும் ரேமை டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் ‘ஃப்ரீ’ குறைவாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

கணக்கு பெரும்பாலும் இப்படி வரும். உபுண்டு சர்வர், ஸ்னாப்டி (ஸ்னாப் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் சேவை) முதலான பின்னணிச் சேவைகளோடு, சும்மா இருக்கும்போது 200 எம்பி பக்கம் எடுக்கும். குறைந்த அளவில் நிறுவிய டெபியன் 100 எம்பி சுற்றி. ஆல்பைன் 40 முதல் 60 எம்பி. ஆக, ஓஎஸ் மாற்றத்தால் கிடைப்பது 150 எம்பி. ஆனால் மைஎஸ்க்யூஎல் 8-ஐ இயல்பு அமைப்பில் விட்டால் வேலையே இல்லாதபோதும் அது ஒன்றே 350 எம்பிக்கு மேல் தின்பது சகஜம். அதன் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா (உள்ளே நடப்பதை அளந்து பதியும் பகுதி) இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பது ஒரு காரணம். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியில் அது இயல்பாகவே அணைந்திருக்கும். மரியாடிபிக்கு மாறி, இன்னோடிபி பஃபர் பூல் (தரவை ரேமில் வைத்திருக்கும் இடம்) அளவை இயல்பான 128 எம்பியிலிருந்து 48 அல்லது 64 எம்பியாக இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஒவ்வொரு சைல்டு பிராசஸும் 30 முதல் 60 எம்பி வரை போகலாம். அதை ‘ஆன்டிமாண்ட்’ முறைக்கு (கோரிக்கை வந்தால் மட்டும் சைல்டு எழும்) மாற்றி, அதிகபட்சம் மூன்று சைல்டு என்று வையுங்கள். ஒருவர் மட்டுமே எழுதும் சிறு தளம் என்றால் எஸ்க்யூலைட் போதும். தரவுத்தளத்துக்கென்று தனி பிராசஸே வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் இடம் போதாவிட்டால், அல்லது சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்பதை ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளும் அளவுக்குச் சின்னதாக வைத்துக்கொள்ள விரும்பினால், ஆல்பைனை எடுத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்வது

ஆல்பைனின் எடை குறைவுக்கு மூன்று காரணங்கள். நிரல்கள் எல்லாம் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகமாக ஜிலிப்சிக்குப் பதில் மசல். வழக்கமான யூனிக்ஸ் கருவிகளுக்குப் பதில் எல்லாம் ஒரே பைனரியில் அடங்கிய பிஸிபாக்ஸ். சேவைகளைத் துவக்கி நிர்வகிக்க சிஸ்டம்டிக்குப் பதில் ஓப்பன்ஆர்சி. பின்னால் வரப்போகும் தொல்லைகள் அத்தனையும் இந்த மூன்றிலிருந்தே வருகின்றன. அதனால் தேர்வுக்கான கேள்வி எளிது: நீங்கள் ஓட்டப்போகும் மென்பொருள் ஒவ்வொன்றும் ஆல்பைனின் களஞ்சியத்திலேயே (அதன் சொந்த மென்பொருள் கிடங்கில்) இருக்கிறதா? என்ஜின்எக்ஸ், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், பிஎச்பி, ரெடிஸ் வகையறா, வயர்கார்டு, அன்பவுண்ட் எல்லாம் இருக்கின்றன. கோ மொழியில் எழுதி, தேவையான நூலகங்களை உள்ளேயே அடக்கி ஸ்டாட்டிக்காகக் கட்டிய பைனரியும் பிரச்சினை தராது. ஆனால் ஏதோ ஒரு நிறுவனம் மூலநிரல் தராமல் வெறும் பைனரியாகக் கொடுக்கும் கண்காணிப்பு ஏஜென்ட், பேக்கப் கிளையன்ட், கன்ட்ரோல் பேனல் போன்றவை தேவை என்றால் ஆல்பைன் வேண்டாம், டெபியன் போடுங்கள். அவை ஜிலிப்சிக்காகக் கட்டப்பட்டவை.

இன்னொரு கேள்வி ஆதரவுக் காலம். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. ஆல்பைன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு விடும். ‘மெயின்’ களஞ்சியத்தில் உள்ளவற்றுக்கு இரண்டு ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். ‘கம்யூனிட்டி’ களஞ்சியத்தில் உள்ளவற்றுக்கு அடுத்த பதிப்பு வரும்வரை மட்டுமே. பிஎச்பியும் டாக்கரும் இருப்பது கம்யூனிட்டியில். அதாவது, பிஎச்பி தளம் ஓட்டும் உங்களுக்கு ‘இரண்டு ஆண்டு ஆதரவு’ என்பது ஏட்டளவில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிப்பேற்றம் செய்தே ஆகவேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதற்குமேல் இரண்டு ஆண்டு எல்டிஎஸ் (நீண்டகால) ஆதரவும் உள்ள டெபியனே புத்திசாலித்தனமான தேர்வு. 40 எம்பி மிச்சம் பிடிக்கப்போய்த் திருத்தம் இல்லாத பிஎச்பியை இணையத்தில் திறந்து வைப்பது வீண் வேலை.

டெபியனையும் ஒல்லியாக வைக்கலாம். நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓவில் நிறுவும்போது மென்பொருள் தேர்வுத் திரையில் எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். பேக்கேஜ் கருவியான ஏபிடியின் அமைப்பில் ‘இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்’ஸை அணையுங்கள். சிஸ்டம்டியின் பதிவுச் சேவையான ஜர்னல்டி டிஸ்கில் 10% வரை பதிவேடுகளை வைத்துக்கொள்ளும். 10 ஜிபி டிஸ்கில் அது 1 ஜிபி. ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’ மதிப்பை 50 எம்பியாக வையுங்கள். ஒரு எச்சரிக்கை: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் பிசிக்கான நிறுவி கிடையாது. பழைய 32-பிட் பெட்டியைத் தூசி தட்டி எடுக்கிறீர்கள் என்றால் ஆல்பைனின் எக்ஸ்86 பதிப்பு இன்னும் இருக்கிறது.

ஓப்பன்பிஎஸ்டியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஃபயர்வால், டிஎன்எஸ், மெயில் கேட்வே வேலைக்கு அது அருமை. பிஎஃப் (ஃபயர்வால்), அன்பவுண்ட் (டிஎன்எஸ்), ஓப்பன்எஸ்எம்டிபிடி (மெயில்) எல்லாம் அடிப்படை நிறுவலிலேயே வந்துவிடும். டாக்கர் ஓடாது, ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஏறக்குறைய ஓராண்டுதான்.

நிறுவும்போது

முதலில் உங்கள் விபிஎஸ் உண்மையான மெய்நிகர் இயந்திரமா, அல்லது ஓப்பன்விஇசட் போன்ற கன்டெய்னரா என்று பாருங்கள். கன்டெய்னர் என்றால் கர்னல் உங்களுடையது அல்ல, ஐஎஸ்ஓ போட முடியாது. சேவையாளர் தரும் டெம்ப்ளேட்டில் ஆல்பைன் இருந்தால்தான் உண்டு.

கேவிஎம் போன்ற உண்மையான மெய்நிகர் இயந்திரம் என்றால் ‘விர்ட்’ ஐஎஸ்ஓவை எடுங்கள். 60 எம்பி சொச்சம்தான், மெய்நிகர் இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் இருக்கும். வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள நிஜ இயந்திரத்துக்கு ‘ஸ்டாண்டர்ட்’ ஐஎஸ்ஓ. அதில் எல்டிஎஸ் கர்னலோடு ஃபர்ம்வேர் பேக்கேஜுகள் கூட்டமாக வந்து டிஸ்கை அடைத்துக்கொள்ளும். உங்கள் நெட்வொர்க் கார்டுக்கு உரிய ஃபர்ம்வேர் துணைப் பேக்கேஜை மட்டும் நிறுவினால் மற்றவை வராது. எதுவுமே தேவையில்லை என்றால் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்-நன்’ என்று ஒரு வெற்றுப் பேக்கேஜ் இருக்கிறது.

ஐஎஸ்ஓவில் பூட் ஆனதும் ரூட் பயனராகக் கடவுச்சொல் இல்லாமல் நுழைந்து “செட்டப்-ஆல்பைன்” கொடுங்கள். கேள்விகள் வரிசையாக வரும். பலவற்றுக்கு எண்டர் தட்டினால் போதும். இரண்டு இடத்தில் மட்டும் கை பதறக்கூடாது.

ஒன்று, மிரர் (பேக்கேஜ்களை இறக்கும் சர்வர்) தேர்வு. அங்கே ‘சி’ எழுத்தைக் கொடுத்துக் கம்யூனிட்டி களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பிஎச்பியைத் தேடும்போது ‘அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை’ என்று வரும். இரண்டாவது, டிஸ்க் கேள்வி. அதன் இயல்பு விடை ‘நன்’. எண்டர் தட்டிக்கொண்டே வந்து இங்கேயும் தட்டிவிட்டால் எல்லாம் ரேமில் மட்டும் ஓடும். என்ஜின்எக்ஸ் போட்டு, தளத்தை ஏற்றி, ஒருமுறை ரீபூட் செய்ததும் அத்தனையும் மாயமாகிவிடும். டிஸ்க் பெயர் (கேவிஎம்மில் பெரும்பாலும் விடிஏ) கொடுத்து, அடுத்த கேள்விக்கு ‘சிஸ்’ என்று கொடுங்கள்.

ரேமில் ஓடும் அந்த டிஸ்க்லெஸ் முறைக்கும் இடம் உண்டு. பென்டிரைவில் பூட் ஆகி ரவுட்டராகவோ டிஎன்எஸ் சர்வராகவோ ஓடும் பெட்டிக்கு அது கச்சிதம். சாதாரணமாக ஓடும்போது டிரைவில் எழுதுவதில்லை என்பதால் அது தேயாது, கரண்ட் போனாலும் கோப்பு முறைமை கெடாது. மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் “எல்பியு கமிட்” கொடுத்துச் சேமிக்க வேண்டும். எல்பியு இயல்பாக /ஈடிசி அடைவை மட்டுமே கவனிக்கும். /வார், /ரூட் போன்றவற்றில் ஏதாவது வேண்டும் என்றால் “எல்பியு இன்க்ளூட்” மூலம் தனியாகச் சேர்க்க வேண்டும். தரவுத்தளம் உள்ள உங்கள் வேலைக்கு இது வேண்டாம்.

நிறுவல் முடிந்ததும் பயனர் கணக்கு. இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. “ஆட்யூசர் -டி” என்று கொடுத்துக் கடவுச்சொல் இல்லாமல் பயனரை உருவாக்கி, எஸ்எஸ்எச் சாவியையும் சரியாகப் போட்டிருப்பீர்கள். அனுமதிகள் எல்லாம் சரி. ஆனாலும் உள்ளே விடாது. பதிவேட்டைப் பார்த்தால் ‘அக்கவுண்ட் இஸ் லாக்டு’ என்றிருக்கும். அந்தக் கட்டளை ஷேடோ கோப்பில் கடவுச்சொல் இடத்தில் ஆச்சரியக்குறி போடுகிறது. ஆல்பைனின் இயல்பான ஓப்பன்எஸ்எஸ்எச் பாம் (பயனரைச் சரிபார்க்கும் அமைப்பு) இல்லாமல் கட்டப்பட்டது, ஆச்சரியக்குறி இருந்தால் பூட்டிய கணக்கு என்று எடுத்துக்கொண்டு சாவியையும் மறுத்துவிடும். ஒரு நீளமான கடவுச்சொல்லை வைத்துவிடுங்கள், அல்லது அந்தக் குறியை நட்சத்திரக்குறியாக மாற்றுங்கள். “செட்டப்-யூசர் -ஏ” கட்டளையில் உருவாக்கினால் வீல் என்ற நிர்வாகிகள் குழுவிலும் சேர்த்துவிடும். ரூட் உரிமையில் கட்டளை ஓட்ட, சூடோவுக்குப் பதில் இங்கே டூஆஸ்.

ஃபயர்வாலுக்கு என்எஃப்டேபிள்ஸ். விதிகளை ஏற்றும் முன், ஐந்து நிமிடம் தூங்கிவிட்டு எல்லா விதிகளையும் அழிக்கும் ஒரு கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டுக்கொள்ளுங்கள். 22-ஆம் போர்ட்டை மறந்து அடைத்திருந்தால் ஐந்தாவது நிமிடம் கதவு தானே திறக்கும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பின்னணிக் கட்டளையை நிறுத்திவிட்டு, சேவையை “ஆர்சி-அப்டேட் ஆட்” மூலம் பூட் நிலையில் சேருங்கள். ஓப்பன்ஆர்சியில் சேவையைத் துவக்குவது வேறு, பூட்டில் சேர்ப்பது வேறு. முதலாவதை மட்டும் செய்தால் அடுத்த ரீபூட்டில் ஃபயர்வாலே இருக்காது.

ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) 512 எம்பி முதல் 1 ஜிபி வரை இருக்கட்டும். ஸ்வாப் இருப்பதால் வேகம் வராது. ஆனால் ஒரு கண நேர உச்சத்தில் தரவுத்தளம் கொல்லப்படாமல் தப்பிக்கும்.

‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும்போது

ஆல்பைனுக்குப் புதிதாக வருபவர்களைத் திணறவைக்கும் பிழை இதுதான். ஒரு பைனரியை இறக்கி, இயக்க அனுமதி கொடுத்து ஓட்டுகிறீர்கள். ‘நாட் ஃபவுண்ட்’ என்கிறது. “எல்எஸ்” கொடுத்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. கர்னல் தேடுவது அந்தக் கோப்பை அல்ல, அந்த பைனரிக்குள் குறிப்பிடப்பட்டிருக்கும் டைனமிக் லோடரை (நூலகங்களை ஏற்றித் தரும் நிரல்). ஜிலிப்சிக்குக் கட்டிய பைனரி ஜிலிப்சியின் லோடரைக் கேட்கும். மசல் அமைப்பில் அது கிடையாது. ‘ஜிகாம்பேட்’ என்ற பேக்கேஜைப் போட்டால் எளிய நிரல்கள் ஓடிவிடும். பெரிய நிரல்கள் ஓடுவதுபோல் ஓடி, எதிர்பாராத இடத்தில் விழும். வருமானம் சார்ந்த வேலைக்கு அதை நம்பாதீர்கள்.

ஷெல் ஸ்கிரிப்டிலும் இதே செய்தி வரும். முதல் வரியில் பாஷ் என்றிருந்து பாஷ் நிறுவப்படாமல் இருப்பது ஒரு காரணம், ஆல்பைனின் இயல்பு ஷெல் பிஸிபாக்ஸின் ஆஷ். விண்டோஸில் திருத்திய கோப்பின் வரி முடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து இன்னொரு காரணம். இரண்டாவதற்கு “டாஸ்2யூனிக்ஸ்” ஓட்டினால் போதும்.

பைதான் பக்கம் நிலைமை முன்னைவிட எவ்வளவோ மேல். 2021-இல் மசல்லினக்ஸ் என்ற வீல் (முன்பே கட்டிய பைதான் பேக்கேஜ்) வகை வரையறுக்கப்பட்ட பிறகு நம்பை, கிரிப்டோகிராஃபி போன்ற பெரிய பேக்கேஜுகள் மசலுக்கும் தயார் வீல் தருகின்றன. அப்படித் தராத பேக்கேஜ் என்றால் பைதானின் நிறுவியான பிப் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யத் தொடங்கும். 512 எம்பியில் அது முடியாமல் செத்துவிடும். முதலில் ஆல்பைனின் பேக்கேஜ் கருவியில் “ஏபிகே சர்ச்” செய்து பாருங்கள், பல பைதான் நூலகங்கள் ‘பிஒய்3’ என்ற முன்னொட்டோடு ஆல்பைனிலேயே இருக்கும். இல்லாவிட்டால் வேறு பெரிய இயந்திரத்தில் அதே ஆல்பைன் பதிப்பின் கன்டெய்னரில் வீல் கட்டி இங்கே கொண்டுவாருங்கள்.

மசலின் டிஎன்எஸ் நடத்தையும் வேறு. கொடுத்த எல்லா நேம்சர்வர்களையும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்ளும். உள் நெட்வொர்க் டிஎன்எஸ்ஸை முதலிலும் பொது டிஎன்எஸ்ஸை இரண்டாவதாகவும் எழுதினால், உள் பெயர்கள் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. ஒரே ஒரு நேம்சர்வரை மட்டும் எழுதுங்கள். பெரிய டிஎன்எஸ் பதில்களுக்கு டிசிபியில் திரும்பக் கேட்கும் வசதி மசல் 1.2.4-இல் வந்தது. 2023 மே மாத ஆல்பைன் 3.18 முதல் அது உண்டு. அதற்கு முந்தைய பதிப்பு எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் மாற்றுங்கள். த்ரெட்டின் ஸ்டாக் அளவும் சிறியது: ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி, மசலில் 128 கேபி. த்ரெட்டுக்குள் ஆழமாக ரிகர்ஷன் செய்யும் நிரல் இங்கே மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

தினசரி ஓட்டத்தில்

உங்கள் பைதான் ஏபிஐக்கு ஓப்பன்ஆர்சி ஸ்கிரிப்ட் எழுதும்போது, சேவை விழுந்தால் அது தானாக எழுப்பாது என்பதை நினைவில் வையுங்கள். சிஸ்டம்டியின் ‘ரீஸ்டார்ட்’ வரிக்கு இணையாக, ஸ்கிரிப்டில் ‘சூப்பர்வைசர்’ மாறியில் ‘சூப்பர்வைஸ்-டீமன்’ என்று கொடுக்க வேண்டும். ‘ரெஸ்பான் டிலே’ 5 நொடி என்று வைத்தால், அமைப்புக் கோப்பில் பிழை இருக்கும்போது சிபியுவைத் தின்றுகொண்டு சுழலாது. ‘கமாண்ட் யூசர்’ மாறியில் தனிப் பயனரைக் கொடுங்கள்.

பதிவேடு: பிஸிபாக்ஸின் சிஸ்லாக்டி இயல்பாக 200 கேபி ஆனதும் கோப்பைச் சுழற்றி, ஒரே ஒரு பழைய பிரதியை மட்டும் வைத்திருக்கும். மொத்தம் 400 கேபி. எஸ்எஸ்எச்சை யாராவது போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால் நேற்றைய பதிவு இன்று இருக்காது. /ஈடிசி/கான்ஃப்.டி/சிஸ்லாக் கோப்பில் “-எஸ் 5000 -பி 5” என்று சேருங்கள். 5 எம்பி வீதம் ஐந்து பழைய பிரதிகள் நிற்கும்.

கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை): /ஈடிசி/பீரியாடிக் அடைவுக்குள் 15 நிமிடம், மணி, நாள், வாரம், மாதம் என்று துணை அடைவுகள் இருக்கும். ஸ்கிரிப்டைப் போட்டால் போதும். ஆனால் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் ஓடாது. ‘பேக்கப்.எஸ்எச்’ என்று போட்டுவிட்டு, தினமும் பேக்கப் எடுக்கப்படுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பிழைச் செய்திகூட வராது. பெயரை வெறும் ‘பேக்கப்’ என்று வைத்து, “ரன்-பார்ட்ஸ் --டெஸ்ட்” கட்டளையில் அந்த அடைவைக் கொடுத்துப் பட்டியலில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்டேட்டும் பதிப்பேற்றமும்

“ஏபிகே -யூ அப்கிரேடு” சில நொடியில் முடிந்துவிடும். ஆனால் அது சேவைகளை மறுதுவக்கம் செய்யாது. ஓப்பன்எஸ்எஸ்எல் திருத்தம் வந்தும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் ரேமில் உள்ள பழைய நூலகத்தோடுதான் ஓடும். அப்டேட்டுக்குப் பிறகு என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம், எஸ்எஸ்எச்டி மூன்றையும் மறுதுவக்கம் செய்வதை வழக்கமாக்குங்கள்.

கர்னல் அப்டேட் இன்னும் கொஞ்சம் விஷமம். புதிய கர்னல் பேக்கேஜ் வந்ததும் பழைய கர்னலின் மாட்யூல் அடைவு அழிக்கப்பட்டுவிடும். ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கர்னல். அதுவரை ஏற்றப்படாத எந்த மாட்யூலும் இனி ஏறாது. மூன்று நாள் கழித்து வயர்கார்டைத் துவக்கினாலோ ஃபயர்வாலில் புது வகை விதி சேர்த்தாலோ ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று நிற்கும், காரணம் புரியாமல் அமைப்புக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். கர்னல் அப்டேட் ஆனால் அன்றே ரீபூட் செய்துவிடுங்கள். இதனாலேயே முழு அப்டேட்டையும் கிரானில் போட்டு மறந்துவிடுவது நல்லதல்ல.

இன்னொன்று: களஞ்சியத்தில் பழைய பேக்கேஜ் பதிப்புகள் தங்காது. புதியது வந்தால் பழையது போய்விடும். குறிப்பிட்ட பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்திருக்கும் ஸ்கிரிப்டுகள் ஒரு நாள் உடையும். பின்வாங்கும் வழி வேண்டும் என்றால் “செட்டப்-ஏபிகேகேஷ்” மூலம் உள்ளூர்க் கேஷ் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஸ்னாப்ஷாட்டை (முழு டிஸ்கின் அந்நேரப் பிரதி) நம்புங்கள்.

பதிப்பேற்றம் இப்படி. ஸ்னாப்ஷாட் எடுங்கள். தரவுத்தளத்தை டம்ப் செய்து (முழுத் தரவையும் ஒரு கோப்பாக எடுத்து) வேறு இயந்திரத்துக்கு நகர்த்துங்கள். /ஈடிசி/ஏபிகே/ரிபாசிட்டரீஸ் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றுங்கள், உதாரணமாக 3.21 இருக்கும் இடத்தில் 3.22. அங்கே ‘லேட்டஸ்ட்-ஸ்டேபிள்’ என்று எழுதினால், நீங்கள் நினைக்காத ஒரு நாளில் சாதாரண அப்டேட்டே பதிப்பேற்றமாகிவிடும், எண்ணையே எழுதுங்கள். பிறகு “ஏபிகே அப்டேட்”, அடுத்து ஏபிகே கருவியை மட்டும் புதுப்பித்தல், அதன்பின் “ஏபிகே அப்கிரேடு --அவெய்லபிள்”. முடிந்ததும் “அப்டேட்-கான்ஃப்” ஓட்டுங்கள். நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்புகளை ஏபிகே தொடாமல், புதியதை ‘.ஏபிகே-நியூ’ என்ற வாலோடு பக்கத்தில் வைத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டும். பிறகு “சிங்க்”, ரீபூட்.

உடையக்கூடியவை இரண்டு. பைதானின் பதிப்பு மாறினால் (3.19-லிருந்து 3.20-க்குப் போனபோது பைதான் 3.11-லிருந்து 3.12 ஆனது) விஇஎன்வி (ஏபிஐயின் நூலகங்களைத் தனியாக வைத்திருக்கும் பைதான் அடைவு) பயனற்றுப்போகும், தேவைப் பட்டியலைக் கொண்டு புதிதாக உருவாக்க வேண்டும். பிஎச்பி பேக்கேஜின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் தானாக மேலேறாது. பழைய எண் புதிய களஞ்சியத்தில் இல்லை என்றால், புதிய எண்ணுள்ள பேக்கேஜ்களை நிறுவி, எஃப்பிஎம் அமைப்பைப் பெயர்த்து, என்ஜின்எக்ஸில் சாக்கெட் பாதையையும் மாற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸும் இப்படித்தான், அங்கே தரவையும் டம்ப் எடுத்து மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.

எந்தெந்தப் பேக்கேஜை நீங்களாகக் கேட்டு நிறுவினீர்கள் என்பது /ஈடிசி/ஏபிகே/வேர்ல்டு கோப்பில் ஒரு வரிக்கு ஒன்றாக இருக்கும். அந்தக் கோப்பையும், ஈடிசி அடைவையும், தளத்தின் அடைவையும், தரவுத்தள டம்பையும் தினமும் வெளியே அனுப்பினால் போதும். சேவையாளரே சர்வரைத் தொலைத்தாலும் புது இயந்திரத்தில் ஆல்பைனை நிறுவி, வேர்ல்டு கோப்பைப் போட்டு “ஏபிகே ஃபிக்ஸ்” கொடுத்தால் பேக்கேஜ்கள் வந்து சேரும். பூட்டில் எழ வேண்டிய சேவைகளை மட்டும் “ஆர்சி-ஸ்டேட்டஸ்” பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.